தூண்டில்காரரின் அட்டையும் நம் கணக்கு வகுப்பும்

விகிதம் நடத்தி முடித்ததும் "இது எங்கே சார் பயன்படும்?" என்று ஒரு குரல் எழும். நான் சொல்லும் எடுத்துக்காட்டு கடலில் இருக்கிறது.

1962இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், சாண்டி ஹூக் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜாக் கேசி சுறாக்களுக்கு அடையாளக் குறி இடும் திட்டத்தைத் தொடங்கினார். ஆய்வாளர்கள் சிலர் மட்டும் அட்லாண்டிக் முழுவதும் போய்ச் சுறா பிடிக்க முடியுமா? பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்களிடமே குறிகளைக் கொடுத்தார். முதலில் சேர்ந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. பின்னர் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து, இதுவரை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சுறாக்களுக்குக் குறி இட்டிருக்கிறார்கள்.

குறி என்பது ஒரு சிறு எஃகு முனை, அதில் நைலான் இழை, இழையின் நுனியில் எண்ணும் தகவலும் அடங்கிய சின்னக் குப்பி. முதுகுத் துடுப்பின் அடியில் தசையில் செருகி, மீனைக் கடலில் விட்டுவிடுவார்கள். அடுத்தது அட்டை: குறி எண், நாள், இடம், இனம், ஆணா பெண்ணா, நீளம். அந்த நீளம் அளந்ததா, கண்மதிப்பா என்பதும் முக்கியம். நம் செய்முறைக் குறிப்பேடுகளிலும் இப்படி ஒரு கட்டம் இருக்கலாம்.

ஏன் என்பதற்குச் சாண்ட்பார் சுறாவே சான்று. முதுகெலும்பிலுள்ள வளையங்களை எண்ணி அதன் வளர்ச்சியை 1985இல் கணித்திருந்தார்கள். குறியிட்ட மீன்கள் பல ஆண்டுகள் கழித்துப் பிடிபட்டபோது, இரண்டு நீளங்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு எதிர்பார்த்ததைவிடச் சிறியது. 1992இல் கேசி குழுவினரே தங்கள் கணிப்பைத் திருத்தினர். ஒரு சுறா 27 ஆண்டுகளுக்குப் பிறகும் கிடைத்தது. இவ்வளவு மெதுவாக வளரும் மீன் அதிகம் பிடிக்கப்பட்டால் எளிதில் மீளாது. முதல் நாளில் எழுதிய நீளம் வெறும் ஊகமாக இருந்தால் இந்தக் கழித்தலுக்கே பொருளில்லை.

குறியிட்டு மீண்டும் பிடிக்கும் முறையால் எண்ணிக்கையையும் மதிப்பிடலாம். டென்மார்க்கின் பீட்டர்சன் பெயரால் வழங்கும் அந்த முறைக்கு ஒரு டப்பா புளியங்கொட்டை போதும். 40 கொட்டைகளில் வெள்ளைப் புள்ளி வைத்து, திரும்பப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். ஒரு மாணவர் கண்ணை மூடி 50 எடுக்கட்டும். அதில் 8 புள்ளிக்கொட்டை இருந்தால், டப்பாவில் ஏறத்தாழ 40 × 50 ÷ 8 = 250.

இப்போது அந்த எட்டில் நான்கை, "பிடித்தவர் தகவல் சொல்லவில்லை" என்று ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். 40 × 50 ÷ 4 = 500. மீன்கள் இரு மடங்காகிவிட்டன, தாளில் மட்டும். அந்த 500ஐ நம்பி, இந்த ஆண்டு எவ்வளவு பிடிக்கலாம் என்று அரசு முடிவெடுத்தால் என்ன ஆகும்? விடையை மாணவர்களே சொல்வார்கள், காத்திருந்தால் போதும்.

ஒரு பாடவேளையில் முடிந்துவிடும். கொட்டைகளை முன்கூட்டியே எண்ணி, எண்ணிக்கையைத் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கட்டாயம் கேட்பார்கள்.