மைக் செட் கடையிலேயே இருக்கிறது அந்த மைக்

கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்தில் கோவில் கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு. குழாய் ஸ்பீக்கர் வழியாகப் பக்கத்து ஊர் வரைக்கும் கதை கேட்கும். விடிந்ததும் செட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அந்தக் குரல் எங்கும் தங்காது. சுப்பு ஆறுமுகம் போன்ற பெரிய கலைஞர்களின் வில்லிசை வானொலியிலும் கேசட்டிலும் தங்கியது. வில்லுப்பாட்டு பாடும் ஊர்ப் புலவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. களையெடுக்கும்போதும் பருத்தி எடுக்கும்போதும் பாடிய பெண்களுக்கும் இல்லை.

பதிவு செய்து வைக்கலாமே என்றால் வரும் பதில் ஒன்றுதான்: “அதுக்கு ஸ்டூடியோ மைக் வேணும், லட்சத்துல ஆகும்.” இந்த ஒரு நம்பிக்கை எத்தனை பாட்டுகளை மண்ணோடு அனுப்பியிருக்கும் என்று நினைத்தாலே வேதனையாக இருக்கிறது. இதோடு ஒட்டிக்கொண்ட வேறு சில நம்பிக்கைகளும் உண்டு.

நம்பிக்கை: மேடை மைக் பதிவுக்கு ஆகாது.

மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ 1982-ல் வந்தது. உலகத்தில் அதிகம் விற்ற இசைத்தட்டுகளில் ஒன்று. அதில் அவருடைய குரலைப் பிடிக்க ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் பயன்படுத்தியது ஷூர் எஸ்.எம்.7 என்ற டைனமிக் மைக். விலை உயர்ந்த கண்டென்சர் மைக்குகள் எல்லாம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அந்தக் குரலுக்கு இது பொருந்தியது, எடுத்துக்கொண்டார்.

1973-ல் வந்த எஸ்.எம்.7-க்கு மூத்தவை இரண்டு: 1965-ல் வந்த எஸ்.எம்.57, 1966-ல் வந்த எஸ்.எம்.58. மூன்றும் யூனிடைன் 3 என்ற ஒரே வடிவமைப்பின் வழி வந்தவை. உருண்டைத் தலையோடு நம் ஊர் மேடைகளில் நிற்பது 58. தலை தட்டையாக, மேளத்துக்கும் கிட்டாருக்கும் முன்னால் வைப்பது 57. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு அந்தக் கம்பிவலைத் தலைதான். 57-க்கு ஒரு ஸ்பாஞ்சு உறை போட்டுக் குரலுக்கு வைத்துப் பாருங்கள். குரல் பதிவில் அதிகம் மதிக்கப்படாத மைக் எது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். அடுத்து பேயர்டைனமிக் எம்.88, சென்ஹைசர் எம்.டி.421. இவை கிடைக்காவிட்டால் மைக் செட்காரர் வைத்திருக்கும் நல்ல நிலையிலுள்ள அஹுஜா மைக்கே போதும். பேசிக் கேட்டு, கரகரப்பு இல்லாததாக ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: கண்டென்சர் சுற்றுச் சத்தத்தை எல்லாம் இழுக்கும், டைனமிக் இழுக்காது.

ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்களே இதைச் சொல்கிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டைனமிக்கில் மெல்லிய சவ்வோடு ஒட்டிய கம்பிச் சுருள் காந்தத்துக்கு நடுவே அசைகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் மிகக் குறைவு. கண்டென்சர் 48 வோல்ட் வாங்கிக்கொண்டு பெரிய சமிக்ஞை தருகிறது. எஸ்.எம்.58 ஏறத்தாழ 1.9 மில்லிவோல்ட் தரும் இடத்தில், ஆடியோ-டெக்னிகா ஏ.டி.2020 என்ற கண்டென்சர் 14 மில்லிவோல்ட் தருகிறது. ஆனால் புலவரின் குரலும் வில்லுக்குப் பக்கத்தில் தட்டும் குடத்தின் ஓசையும் ஒரே விகிதத்தில்தான் பெருகுகின்றன. டைனமிக்கின் ஒலியை மிக்சரில் கூட்டிக் கண்டென்சருக்குச் சமமாக்கினால், குடமும் கூடவே ஏறிவிடும்.

குரலையும் குடத்தையும் பிரிப்பது தூரம். புலவரின் வாய் மைக்கிலிருந்து 10 சென்டிமீட்டர், குடம் 1 மீட்டர் என்று வைப்போம். தூரம் பத்து மடங்கு. இரண்டும் சம அளவு சத்தமாக இருந்தால், குடம் 20 டெசிபல் குறைவாகவே மைக்கை எட்டும். புலவர் 30 சென்டிமீட்டருக்குப் பின்வாங்கினால் அந்த இடைவெளி 10 டெசிபலுக்குச் சுருங்கிவிடும். ஒரே திசையமைப்புள்ள எந்த மைக்குக்கும் இந்தக் கணக்கு பொதுவானது. டைனமிக்கை வாயருகே பிடித்துப் பாடுகிறோம், கண்டென்சரை ஓரடி தள்ளி நிறுத்துகிறோம். பழியும் புகழும் அங்கிருந்து வந்தவை.

திசையும் கவனிக்க வேண்டியது. கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் காது மந்தம். ஹைப்பர்கார்டியாய்டுக்கு மந்தம் பின்பக்கவாட்டில், முகத்திலிருந்து 110 பாகை அளவில். எனவே கார்டியாய்டான 58 என்றால் அதன் வால் நேராகக் குழாய் ஸ்பீக்கரைப் பார்க்க வேண்டும். வலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது. பொத்தினால் திசைப் பிடிப்பே கெட்டு, ஊளை கிளம்பும்.

நம்பிக்கை: டைனமிக்குக்குத் தனியாக ஒரு பூஸ்டர் வாங்கியே ஆக வேண்டும்.

முணுமுணுப்பாகப் பேசுகிறவருக்கு அது உதவலாம். நம் வட்டாரத்துக் குரல் அப்படிப்பட்டதா? மைக் வருவதற்கு முன்பே திறந்தவெளியில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிய மரபு இது. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் வந்த நாடக மேடை, எட்டுக்கட்டை என்று ஊர் வியந்த மேடை. அந்தத் தொண்டைக்கு முன்னால் சாதாரண மிக்சரின் கெயினே போதும். குலவை போடும்போது மலிவான கண்டென்சர் செட்டுகளில்தான் ஒலி உடைந்து கேட்கும் ஆபத்து அதிகம். டைனமிக் அதைத் தாங்கும். சன்னமான, உச்சத்தில் நிற்கும் பெண் குரலுக்கும் டைனமிக்கை முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. பல மலிவுக் கண்டென்சர்கள் உயர் அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுப்பதால் ‘ச’, ‘ஸ’ எல்லாம் காதைக் கீறும்.

நம்பிக்கை: திறந்தவெளியில் ஒருதிசை மைக்தான் நல்லது.

கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையமே இருக்கிறது. அந்த அளவுக்குக் காற்று அடிக்கும் நிலம் இது. ஆனி, ஆடியில் வெளியே மைக்கை நீட்டினால் பாட்டு கேட்காது, ‘புஸ் புஸ்’ என்ற காற்றடிதான் கேட்கும். ஒருதிசை மைக்குகளின் சவ்வுக்கு இருபுறமும் திறப்பு உண்டு. அதனால் காற்றும் கைப்பிடி உரசலும் அவற்றைச் சுலபமாகப் பாதிக்கும். எல்லாத் திசையும் கேட்கும் மைக்குக்கு இந்தத் தொந்தரவு மிகக் குறைவு. வாயருகே கொண்டுபோனால் அடிக்கனம் ஊதிப் பெருகும் சிக்கலும் அதற்கு இல்லை. களத்துச் செய்தியாளர்கள் பிடிக்கும் எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்.இ.50 அந்த வகை. சட்டையில் குத்தும் சிறிய மைக்குகளிலும் பல அதே வகைதான். காட்டு வரப்பில் உட்கார்ந்து ஒரு பாட்டியம்மா தாலாட்டோ ஒப்பாரியோ பாடும்போது, ரோமத்துணி உறை போட்ட அந்தச் சின்ன மைக்கை நெஞ்சருகே குத்திவிடுங்கள். முகத்துக்கு நேரே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. அவரும் கூச்சமில்லாமல் பாடுவார்.

நம்பிக்கை: சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் எதிரொலி போய்விடும்.

போகாது. மெல்லிய காகித அட்டை ஒலியை உறிஞ்சுவது மிகச் சொற்பம். சிமென்ட் தரை, காங்கிரீட் கூரை, வெறும் சுவர் கொண்ட அறையில் எந்த விலை மைக்கும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் பாடும். அதற்கு மருந்து நம் கரிசல் மண்ணிலேயே விளைகிறது. பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு பஞ்சு மெத்தைகளைச் செங்குத்தாகச் சாத்துங்கள். மைக்கின் முகம் அவரையும் மெத்தையையும் பார்த்தபடி இருக்கட்டும். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். பத்தாயிரம் ரூபாய் கூடுதல் விலையுள்ள மைக்கை விட இது அதிகம் செய்யும்.

நம்பிக்கை: உடல் பெரிதாக இருந்தால் ஸ்டூடியோ மைக்.

இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு வரும் பருத்த ‘ஸ்டூடியோ’ மைக்குகளின் வயிற்றுக்குள் பெரும்பாலும் சின்ன எலக்ட்ரெட் வில்லைதான் இருக்கும். எலக்ட்ரெட் தாழ்ந்ததல்ல. பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்ட்டும் 1962-ல் உருவாக்கிய அருமையான கண்டுபிடிப்பு அது. பெரிய சவ்வு (டயஃப்ரம்) என்று நம்பவைத்து விற்பதுதான் தப்பு. 58-க்கும் போலிகள் ஏராளம். அசல் 298 கிராம் எடை இருக்கும். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம், பில்லோடு வாங்குங்கள்.

வரும் கொடைக்கு மைக் செட்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, புலவரின் மைக்கிலிருந்து தனியாக ஒரு வயர் ரெக்கார்டருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மிக்சரில் மற்ற சத்தம் கலப்பதற்கு முந்திய குரல் அப்படித்தான் கிடைக்கும். எம்.பி.3 வேண்டாம், வேவ் கோப்பாகப் பதியுங்கள். பாட்டு தொடங்கும் முன் பாடுகிறவரின் பெயர், ஊர், கதையின் பெயர், தேதி நான்கையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிந்துவிடுங்கள். வாட்ஸப்பில் சுற்றும் பழைய ஒப்பாரிப் பதிவுகள் பலவற்றில் பாடியது யார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.