கரிசலுக்கு எந்த நிறம்

குருவிகுளம்,
மார்கழி 8.

அன்பு மருமகனுக்கு அத்தை எழுதிக்கொண்டது. உங்க மாமாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. ஆச்சி உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். விடுதிச் சுவரில் ஒட்டியிருக்கிற அந்த உலக விலங்குப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கைவேலை. இந்தியா மேல் ஒரு புலி, ஒரு யானை, தோகை விரித்த ஒரு மயில். மதுரைக்குத் தெற்கே ஒன்றுமே இல்லை, கடலில் ஒரு திமிங்கிலம்தான் இருக்கிறது. "இந்த மாதிரி காட்டுயிர்ப் படங்கள், தாவரப் படங்கள் உலகம் பூராவும் சேர்க்கப் போகிறேன், எதில் ஆரம்பிக்கலாம் அத்தை?" என்று கேட்டிருக்கிறாய். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவளுக்கு இதைவிடச் சந்தோஷமான கேள்வி கிடையாது. அதனால் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

அந்தப் படத்தில் காலியாகக் கிடக்கிற தென்முனையிலிருந்தே தொடங்கு. நீ பிறந்து வளர்ந்த இடம் அது. அங்கே ஒன்றுமில்லை என்று படம் சொல்கிறது, ஆனால் நீ கண்ணால் பார்த்தது வேறு. இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தெரிந்த பிறகு நீ எந்தப் படத்தை வாங்கினாலும் அதற்கு அர்த்தம் இருக்கும். அது தெரியாமல் ஐம்பது படம் சேர்த்தால் சுவர்தான் நிறையும்.

புலியைப் பார். அந்தச் சித்திரம் மத்திய இந்தியாவில் நாலு ஜில்லாவை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "இந்தப் பெரும்பரப்பில் எங்கோ புலி உண்டு" என்றுதான் அதற்குப் பொருள். படம் பார்க்கிற பிள்ளை அதை "புலி இங்கே இருக்கிறது" என்றுதான் படிக்கும். போதாததற்கு மெர்கேட்டர் முறையில் வரைந்த படம் என்றால் வடதுருவப் பக்கம் பலூன் மாதிரி ஊதியிருக்கும். கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. பனிக்கரடிக்கு அத்தனை இடமும் நமக்கு இத்தனூண்டு இடமும் கிடைப்பது அப்படித்தான். எந்தப் படத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் மூலையில் இருக்கிற குறிவிளக்கம், அளவை, ஆண்டு மூன்றையும் படி. சித்திரத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஆண்டு ஏன் முக்கியம் என்றால், விலங்குப் படம் வரைந்த நாளோடு நின்றுபோகிறது, விலங்கு நிற்பதில்லை. தக்காணத்தில் சிவிங்கிப்புலி ஓடுகிற படம் கிடைத்தால் அது பழைய உலகத்துப் படம். 1952இல் அந்த இனம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவித்துவிட்டார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ பூங்காவுக்குக் கொண்டுவந்து விட்ட பிறகு அச்சான படத்தில் அது மறுபடி வரலாம். ஆனால் அது ஆப்பிரிக்கச் சிவிங்கி. நம் பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூரை எடுத்துக்கொள். 1988க்கு முந்தைய படத்தில் வெறும் மலை, அப்புறம் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021க்குப் பிறகு மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம். மூன்று படத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரே மலையின் கதை கிடைக்கும். சேகரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். ஒரே நிலம், வெவ்வேறு ஆண்டு, வெவ்வேறு கை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். முதலில் எதை வாங்குவது? பாண்டிச்சேரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருப்பதாக எழுதியிருந்தாயே, வேலைநாளாகப் பார்த்துப் போ. அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது, 1955இல் தொடங்கியது. துலூஸ் நகரத்துத் தாவரவியலாளர் ஹென்றி கோசன் வகுத்த முறைப்படி, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து, அவர்கள் இந்தியாவின் தாவரப் படத்தைத் தாள் தாளாகப் போட்டார்கள். அதில் முதல் தாள் எது தெரியுமா? 'கேப் காமரின்', நம் கன்னியாகுமரித் தாள். 1961. கோசன், லெக்ரி, வியார் என்று மூன்று பேர் போட்டிருக்கும். அடுத்துத்தான் சென்னை, கோதாவரி, மைசூர் எல்லாம். உன் சுவர்ப்படத்தில் ஒன்றுமில்லாத இந்தத் தென்முனையிலிருந்துதான் அவர்கள் ஆரம்பித்தார்கள்.

அதன் அளவை பத்து லட்சத்துக்கு ஒன்று. அதாவது ஒரு மில்லிமீட்டர் ஒரு கிலோமீட்டர். நம் ஊர்க் கண்மாய் அதில் எறும்பின் கண் அளவுகூட இராது. ஆனால் அந்தத் தாளின் அழகு நிறத்தில் இருக்கிறது. கோசன் தனக்குப் பிடித்த நிறத்தைப் பூசவில்லை. ஈரத்துக்கு நீலம், வறட்சிக்கு மஞ்சள், வெப்பத்துக்குச் சிவப்பு என்று காரணத்துக்கு ஒரு நிறம் வைத்தார். வெப்பமும் ஈரமும் கூடுகிற மேற்குமலைக் காட்டில் சிவப்பும் நீலமும் கலந்து ஊதா வரும். வெப்பமும் வறட்சியும் கூடுகிற இடத்தில் ஆரஞ்சுப் பக்கம் சாயும். நிறத்தைப் பார்த்தே அங்கே என்ன வானம், என்ன வெயில் என்று சொல்லிவிடலாம். ஓரங்களில் மண், மழை, வேளாண்மை என்று சின்னச் சின்னப் படங்களும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நூலகத்தில் அந்தத் தாளை முதல்முறை விரித்துப் பார்த்தேன். வடக்குத் தெற்காக ஓடுகிற மலைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறம் மாறுவதைப் பார்த்தபோது, சிவகிரி மலைக்குப் பின்னால் இடி இடித்தும் நமக்கு மழை வராத அத்தனை ஆடி மாதங்களும் ஞாபகம் வந்தன. கண் கலங்கிவிட்டது. அன்றைக்குத்தான் படம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது.

கோசனிடம் ஒரு எளிய கணக்கும் உண்டு. ஒரு மாதத்து மழை மில்லிமீட்டரில் எவ்வளவோ, அது அந்த மாதத்துச் சராசரி வெப்பத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் குறைவாக இருந்தால் அது வறண்ட மாதம். வெப்பம் 30 டிகிரி என்றால் மழை 60 மில்லிமீட்டராவது வேண்டும். மொட்டைமாடி மழைமானியில் நான் எழுதி வைத்திருக்கிற நோட்டை வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்தால் நம் மாதங்கள் பெரும்பாலும் வறண்ட பக்கம்தான் விழுகின்றன. உலகப் படத்தில் எந்த நாட்டு நிறம் நம் நிறத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க இந்தக் கணக்கு போதும்.

அதே நிறுவனம் பிற்பாடு பாஸ்கல் என்பவர் தலைமையில் தென்னிந்தியக் காட்டுப்படங்கள் போட்டது. இரண்டரை லட்சத்துக்கு ஒன்று, ஒரு கிலோமீட்டருக்கு நாலு மில்லிமீட்டர். திருவனந்தபுரம்–திருநெல்வேலித் தாள் 1997இல் வந்தது. பிரதி விலைக்குக் கிடைத்தால் கன்னியாகுமரித் தாளையும் இதையும் வாங்கிவிடு. கிடைக்காவிட்டால் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடு. கையில் சொந்தமாக இருந்தால்தான் சேகரிப்பு என்றில்லை, ஐயா.

இன்னொரு படத்தையும் இவற்றுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். 2000இல் ஊரக வளர்ச்சி அமைச்சகமும் ஐதராபாத் தொலையுணர்வு நிறுவனமும் வெளியிட்ட 'இந்தியத் தரிசு நில அட்லஸ்'. அதில் புதர் மண்டிய நிலம் என்பதே தரிசில் ஒரு வகை. தாவரம் படித்தவர்கள் பார்வை வேறு. சாம்பியனும் சேத்தும் 1968இல் போட்ட இந்தியக் காட்டு வகைப் பட்டியலில், குடைவேல் நிற்கிற நம் முள்காட்டுக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். குடைவேல் உலகத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் இயற்கையாக வளர்கிறது. நம் பக்கத்து ஆடுகள் அதன் நெற்றைத் தின்றுதான் கோடையைத் தாண்டுகின்றன. அதே நிலத்துக்கு ஒரு பட்டியலில் பெயர் உண்டு, ஒரு படத்தில் அது தரிசு. தரிசு என்று ஒரு முறை நிறம் பூசிவிட்டால் பிறகு அதில் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து நடலாம், எதை வேண்டுமானாலும் வெட்டலாம். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். படத்தில் காலியாக விடுவதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. வல்லநாட்டு மேட்டில் 1987இலிருந்து வெளிமானுக்கென்று சரணாலயம் இருக்கிறது. வெளிமான் வாழ்கிற தென்கோடி அதுதான். அந்த மானும் இப்படிப்பட்ட புல்லும் புதரும் இருக்கிற நிலத்தில்தான் நிற்கிறது.

உலகப் படங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1876இல் விலங்குகளின் பரவல் பற்றி எழுதிய இரண்டு பாகப் புத்தகத்தில் உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்து வண்ணப் படம் போட்டார். தேச எல்லையைப் பார்க்காமல் விலங்கைப் பார்த்துக் கோடு இழுத்தவர் என்பதால், இந்தியாவின் தென்முனையை இலங்கையோடு சேர்த்து ஒரே பிரிவாக வைத்தார். குடைவேலும் அதைத்தானே சொல்கிறது. பார்தலோமியூ நிறுவனத்தின் விலங்குப் பரவல் அட்லஸ் 1911இல் வந்தது. சித்திரத்துக்காகவே வேண்டும் என்றால் மெக்சிகோ ஓவியர் மிகேல் கோவாருபியாஸ் 1939 சான்பிரான்சிஸ்கோ கண்காட்சிக்காகச் சுவர் அளவில் வரைந்த பசிபிக் தாவர–விலங்குப் படத்தைத் தேடு. அடுத்த ஆண்டே அதை அச்சுப் போட்டார்கள். கடலையும் கரையையும் அப்படி வரைந்த கை வேறில்லை என்பது என் எண்ணம். டேவிட் ரம்சி என்பவர் தன் வரைபடத் தொகுப்பை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறார். பழைய படங்களை அங்கே காசில்லாமல், கடையில் பார்ப்பதைவிடத் துல்லியமாகப் பார்க்கலாம்.

கடை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பழைய புத்தகக்கடையில் நூறு வருஷத்துப் படம் என்று சொல்லிக் கொடுத்ததை ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நிறமெல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தது. புதிய மறுஅச்சு. மறுஅச்சு கெட்டதில்லை, அதை மறுஅச்சு விலைக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான். பழைய அட்லஸிலிருந்து கிழித்து ஏடு ஏடாக விற்கிறவர்களிடம் வாங்காதே. நீ வாங்க வாங்க அவர்கள் இன்னொரு புத்தகத்தைக் கிழிப்பார்கள். படத்தைச் சுவரில் ஒட்டாதே, லேமினேஷன் போடாதே, செல்லோடேப் தொடாதே. என்னுடைய தமிழ்நாட்டுப் படம் ஒன்று டேப் ஒட்டிய இடமெல்லாம் பழுப்பேறி, காவிரியே தெரியாமல் போய்விட்டது. மடிக்காமல் தட்டையாக வை, முடியாவிட்டால் அகலமான குழாயில் சுருட்டு. ராமபாணப் பூச்சிக்கு மாதம் ஒரு தடவை எடுத்து விரித்துப் பார்ப்பதுதான் சரியான மருந்து. எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினாய் என்று பின்புறம் பென்சிலில் எழுது.

அப்புறம், படமாக வராத படம் ஒன்று நம்மைச் சுற்றிக் கிடக்கிறது. பெயர்கள். புளியங்குடி, ஆலங்குளம், கடம்பூர். சங்கரன்கோவிலுக்குப் புன்னைவனம் என்று பழம்பெயர். அங்கே ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போனபோது உண்டியலில் தகட்டுப் பாம்பும் தேளும் போட்டாயே, அது ஞாபகமிருக்கிறதா? கிழக்கே கழுகுமலை. சம்பாதி என்ற கழுகரசன் வழிபட்ட மலை என்பார்கள். மாட்டுக்குப் போட்ட டைக்குளோபினாக் ஊசி மருந்தால், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் நாடு முழுவதும் செத்து விழுந்தன. 2006இல் அந்த மருந்தை மாட்டுக்குப் போடத் தடை வந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் அவற்றைப் பார்க்க மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும். பெயர்களை ஒரு தாளில் குறித்து, எது இருக்கிறது எது போய்விட்டது என்று இரண்டு நிறத்தில் பூசு. அந்தப் படம் உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

நம் ஊர்ப் பெயரும் அதில் வரும். இப்போது சூறைக்குருவி வந்து இறங்கியிருக்கிறது. சோளக்குருவி என்று ஆச்சி சொல்வாளே, உடம்பு ரோஸ், தலையும் சிறகும் கறுப்பு. சாயங்காலம் கண்மாய்க் கருவை மேல் புகை மாதிரி சுழன்று அடைகிறது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை விரிந்து கிடக்கிற ஸ்டெப்பிப் புல்வெளியில் முட்டையிட்டு, வெட்டுக்கிளியைத் தின்று வளர்ந்து, நம் கரிசலுக்கு வருகிற பறவை. சீனாவின் சின்ஜியாங்கில் வெட்டுக்கிளியை இது ஒழிக்கிறது என்று செங்கல்லால் கூடு கட்டிவைத்து வரவேற்கிறார்கள். நம் தாத்தா பரண் மேல் ஏறிக் கவண் கல் விட்டு விரட்டினார். இன்றைக்குச் சோளம் போய் மக்காச்சோளம் வந்துவிட்டது, விரட்ட ஆளில்லை. குருவி மட்டும் வருகிறது. பூனைப்பருந்தும் அந்தப் பக்கத்துப் புல்வெளியிலிருந்துதான் வருகிறது. உன் சுவரில் இருக்கிற உலகப் படத்தில் அந்தப் புல்வெளியையும் குருவிகுளத்தையும் ஒரு நூலால் இணைத்துப் பார். காலியாக இருந்த தென்முனையில் உனக்கு முதல் சித்திரம் கிடைத்துவிடும்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடியே வா. சர்வே ஆஃப் இந்தியாவின் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று படத்தை அவர்கள் தளத்திலிருந்து இறக்கி, நம் ஊர் வருகிற தாளைப் பெரிதாக அச்செடுத்து வா. அதில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், கண்மாய் நன்றாகத் தெரியும். குருவி அடைகிற மரங்கள், குடைவேல் மிச்சமிருக்கிற புறம்போக்கு, மயில் முட்டையிடுகிற ஓடைக்கரை எல்லாவற்றையும் நடந்து குறிப்போம். கலர் பென்சில் இங்கே இருக்கிறது. மழை நோட்டில் மார்கழிப் பக்கத்தை நீ வந்து கூட்டிப் போடுவதற்காக அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அத்தை