காது கருவிக்குப் பணம்: எந்தக் கதவை முதலில் தட்டுவது?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், பேச்சும் சரியாக வரவில்லை. தனியார் செவி மையம் ஒன்றில் சோதித்தோம். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, இரண்டுக்கும் கருவி வேண்டும் என்றார்கள். விலை 9,000 வெள்ளிக்கு மேல். கணவர் லோரி ஓட்டுகிறார், எனக்கு வேலை இல்லை. தவணையில் கட்டலாம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். ஓகேயூ எனும் மாற்றுத்திறனாளி கார்டு எடுத்தால் உதவி உண்டு என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். பெண் பிள்ளைக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்கிறார் மாமியார். சொக்சோவில் கேட்கலாமா? யாரிடம் போவது?
– ஒரு தாய், பூச்சோங்

பதில்: சகோதரி, அந்தத் தவணைப் பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். உதவி நிதிகள் பெரும்பாலும் வாங்குவதற்கு முன்பே விண்ணப்பத்தையும் விலைப்பட்டியலையும் கேட்கும். வாங்கிவிட்டு ரசீதைக் கொண்டுபோய் நீட்டினால் வழி அடைபட்டுவிடும்.

அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது என்பதுதான் உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் வேகம் முதல் சில ஆண்டுகளில்தான் அதிகம். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இனி ஒரு மாதம்கூட வீணாகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் தட்ட வேண்டிய முதல் கதவு அரசாங்க மருத்துவமனை. தனியார் மையம் தந்த பரிசோதனைத் தாளோடு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய், காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். பூச்சோங்கிலிருந்து செர்டாங்கின் சுல்தான் இட்ரிஸ் ஷா மருத்துவமனை பக்கம். கிள்ளான் வசதி என்றால் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை. “பிள்ளைக்கு மூன்றரை வயது, இன்னும் பேச்சு சரியாக வரவில்லை” என்று அழுத்திச் சொல்லி முன்கூட்டியே தேதி கேளுங்கள். பிள்ளையைத் தூங்க வைத்து, செவி நரம்பு ஒலிக்கு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்க்கும் சோதனையும் தேவைப்படலாம். சொந்தக் கருவி வரும்வரை இரவல் கருவி கிடைக்குமா என்பதையும் அங்கேயே ஆடியோலஜிஸ்டிடம் கேட்டுவிடுங்கள்.

அதே மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நம் குடும்பங்கள் பல அதன் பலகையைத் தாண்டித்தான் தினமும் நடந்து போகின்றன, உள்ளே நுழைவதில்லை. சுகாதார அமைச்சு 2005-இல் தொடங்கிய தாபுங் பந்துவான் பெருபாத்தான் எனும் மருத்துவ உதவி நிதிக்கு அவர்கள் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிற, வசதி குறைந்த நோயாளிகளுக்கான நிதி அது. மருத்துவக் கருவிகளுக்கும் உதவும். அதிகாரி உங்கள் வீட்டு வரவு செலவைக் கேட்பார். வாடகை, லோரித் தவணை, மற்றப் பிள்ளைகளின் செலவு என எதையும் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். பிள்ளையின் மைகிட், பிறப்புப் பத்திரம், உங்கள் இருவரின் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குத் தாள், மருத்துவரின் கடிதம், செவிப் பரிசோதனைத் தாள், கருவியின் விலைப்பட்டியல் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். சம்பளச் சீட்டு இல்லையென்றால் முதலாளியிடம் வருமானக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கதவு சமூகநல இலாகா. அங்குதான் கார்டு விஷயம் வருகிறது. உங்கள் மாமியாரின் பயம் எனக்குப் புரிகிறது. பெண்ணுக்கு நாளை வரன் தேடும்போது யார் என்ன சொல்வார்களோ என்று அவர் இப்போதே கவலைப்படுகிறார். ஆனால் இந்தப் பிள்ளையின் பேச்சு நின்றுபோனால் ஊருக்கு அதைச் சொல்ல எந்தக் கார்டும் தேவையில்லை. கார்டு கைப்பையில் கிடக்கும் அட்டைதான். பள்ளி நண்பர்களுக்கோ சொந்தக்காரர்களுக்கோ காட்ட வேண்டிய அவசியமே இல்லை. முற்றிலும் கேட்காதவர்களுக்கு மட்டும்தான் தருவார்கள் என்பதும் தவறு. மிதமான குறைபாடும் அதில் அடங்கும். மருத்துவர் உறுதிப்படுத்திய படிவத்தோடு மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பதியலாம், இணையத்திலும் பதியலாம். இலாகா தரும் செயற்கை உறுப்பு, துணைக்கருவி உதவிக்குப் பதிவு அவசியம். அரசாங்க மருத்துவமனைக் கட்டண விலக்கும், பிற்பாடு பிள்ளை சிறப்புக் கல்வித் திட்டத்தில் சேர்ந்தால் மாதம் 150 வெள்ளி உதவித்தொகையும் உண்டு. சிலாங்கூர் மாநில அரசின் ‘அனிஸ்’ திட்டமும் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கானதுதான். உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் விசாரியுங்கள். என் முடிவு ஒன்றே: கார்டை எடுங்கள்.

சொக்சோவில் கிடைக்காது. அது சந்தா கட்டும் தொழிலாளிக்கான காப்புறுதி, அவருடைய பிள்ளையின் கருவிக்கு வராது. ஊழியர் சேமநிதியில், உறுப்பினரின் பிள்ளைக்கான மருத்துவ உதவிக் கருவிகளுக்கும் செஜாத்தெரா கணக்கிலிருந்து பணம் எடுக்க வழி உண்டு. ஆனாலும் அது உங்கள் இருவரின் முதுமைக்கான காசு. மற்றவை கைவிட்ட பிறகு தொடுங்கள். பதிவுபெற்ற பிள்ளையின் கருவிக்கு 6,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு இருக்கிறது. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இருந்தால் மட்டுமே அதனால் பயன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல்: அரசாங்க ஊழியர்கள் பிள்ளையின் கருவிக்குத் தங்கள் இலாகா வழியாகக் கோரலாம். முஸ்லிம் குடும்பங்கள் சிலாங்கூர் ஸகாத் வாரியத்தை அணுகலாம்.

கருவி வாங்கியதோடு செலவு நிற்காது. துத்தநாகக் காற்று பேட்டரி ஒன்றிரண்டு வாரத்தில் தீரும். பிள்ளையின் காது வளர வளர, காதுக்குள் பொருந்தும் அச்சு தளர்ந்து கீச்சென்று சத்தம் போடும். அப்போது புது அச்சு எடுக்க வேண்டும். கருவியே ஐந்தாறு ஆண்டுகளில் மாற்ற வேண்டி வரலாம். கோயில் நிர்வாகம், லயன்ஸ், ரோட்டரி போன்றவற்றிடம் போனால் முழுத் தொகையையும் கேட்காதீர்கள். “ஓராண்டுக்குப் பேட்டரியும் இரண்டு அச்சும்” என்று கணக்கோடு கேளுங்கள். கொடுப்பவருக்கும் அது எளிது.

சிறு பிள்ளைக்குக் காதுக்குப் பின்னால் அமரும், பேட்டரி மூடிக்குப் பூட்டு உள்ள கருவிதான் ஏற்றது. பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இணையத்தில் நூறு வெள்ளிக்கு விற்கும் ஒலிபெருக்கிகள் பக்கமே போகாதீர்கள். அவை பிள்ளையின் குறைபாட்டுக்கு ஏற்ப அமைக்கப்படாதவை, மிஞ்சியிருக்கும் செவித்திறனையும் கெடுக்கலாம். சோதனையில் குறைபாடு மிகத் தீவிரம் என்று தெரிந்தால் உட்செவியில் கருவி வைக்கும் கோக்லியர் பொருத்துதல் பற்றிப் பேசுவார்கள். மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995 முதல் அதைச் செய்து வருகிறது. மனம் தளர வேண்டாம்.

வீட்டில் மகளோடு தமிழில் நிறையப் பேசுங்கள். மலாயோ ஆங்கிலமோ மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொன்னால், உங்களுக்குச் சரளமாக வரும் மொழிதான் பிள்ளைக்குச் சிறந்த பயிற்சி என்று பதில் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை காலையே அந்தப் பரிசோதனைத் தாளோடு கிளினிக்குக்குப் போங்கள். கடிதம் கைக்கு வந்ததும், மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு எந்த மாடியில் இருக்கிறது என்று கேளுங்கள்.