ஓடும் முன் என்ன? ஓடிய பின் என்ன?

விடியும் முன்பே மைதானத்தில் ஓடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிலர் உடம்பைக் குறைக்க ஓடுகிறார்கள். சிலர் வேலைக்காக ஓடுகிறார்கள்.

மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் காவலர் வேலைக்கு ஓட்டத் தேர்வு உண்டு. பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓட வேண்டும். 2024ஆம் ஆண்டு முதல் இந்த வேலைக்கான எழுத்துத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அதனால் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இப்போது ஓடிப் பழகுகிறார்கள்.

ஓட்டத்துக்குக் கால் பலம் மட்டும் போதாது. வயிற்றில் போடுவதும் முக்கியம். எதைச் சாப்பிடுவது? எப்போது சாப்பிடுவது? இதுதான் இன்றைய பாடம்.

தங்கவயலில் ஒரு வீடு

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. அங்கிருந்த தங்கச் சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. இப்போது பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு வீடு. அப்பா ரயிலில் போய் வருகிறார். மகளுக்கு வயது 20. காவலர் வேலைக்கு மனு போட்டிருக்கிறாள். தினமும் காலையில் ஓடுகிறாள்.

ஓடும் முன் ஒரு தம்ளர் டீ குடிப்பாள். வேறு எதுவும் சாப்பிட மாட்டாள். ஓடி வந்ததும் இன்னொரு டீ. பத்து மணிக்குத்தான் சாப்பாடு.

மூன்றாவது வாரம் அவளுக்குத் தலை சுற்றியது. கண் இருட்டியது. மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட ஓடியவர்கள், "உனக்குச் சத்துப் பவுடர் வேணும்" என்றார்கள். கடையில் ஒரு டப்பா 2,400 ரூபாய்.

அம்மா காதில் கை வைத்துப் பார்த்தாள். கம்மலை அடகு வைத்தால் டப்பா வாங்கலாம்.

"வேணாம்மா. இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றாள் மகள்.

"அப்போ முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுட்டு வரலாம், வா" என்றாள் அம்மா.

நர்ஸ் சொன்னது

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9.8 இருந்தது.

"பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாதும்மா. இது இரத்த சோகை. அதனாலதான் மயக்கம், மூச்சு வாங்கறது எல்லாம்" என்றார் நர்ஸ்.

"டப்பா வாங்கிக் கொடுத்தா சரியாகுமா சிஸ்டர்?"

"அந்தப் பவுடர்ல முக்கியமா இருக்கறது புரதம். இவளுக்குக் குறைஞ்சிருக்கறது இரும்புச் சத்து. டாக்டர் மாத்திரை எழுதுவார். இங்கேயே வாங்கிக்கலாம். விடாம சாப்பிடணும். வெறும் வயித்துல ஓடறதையும் நிறுத்தணும்."

"நாளைக்கு ஓடலாமா சிஸ்டர்?" என்று மகள் கேட்டாள்.

"மயக்கம் நிக்கற வரைக்கும் நட. அப்புறம் மெதுவா ஓடு. வேகம் பிறகு வரட்டும், கண்ணு."

"டீ குடிக்கலாமா?"

"குடி. ஆனா சாப்பாட்டோட சேர்த்துக் குடிக்காதே. ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. சாப்பாட்டுல இருக்கற இரும்பை உடம்புல சேர விடாம டீ தடுக்கும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அது சேர உதவும்."

மூன்று மாதம் மாத்திரை நடந்தது. வீட்டுச் சாப்பாட்டின் நேரமும் மாறியது. ஹீமோகுளோபின் 11.9 ஆனது. எட்டு நிமிடம் ஐம்பது நொடியில் ஓடி முடித்தாள். இன்னும் 20 நொடி குறைய வேண்டும். கம்மல் அம்மாவின் காதில்தான் இருக்கிறது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்த சோகை இருந்தது. ஆண்களில் 100க்கு 25 பேருக்கு இருந்தது.

ஏன் ஓடும் முன் சாப்பிட வேண்டும்?

அரிசி, கேழ்வரகு, கோதுமை, பழம் இவற்றில் மாவுச் சத்தும் சர்க்கரையும் உண்டு. உடம்பு அதைத் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிறது. ஓடும்போது அதுதான் எரிபொருள். இரவில் தூங்கும்போதும் கல்லீரலில் உள்ள சேமிப்பு செலவாகிறது. விடியற்காலையில் அது குறைந்திருக்கும். அந்த நேரத்தில் வேகமாக ஓடினால் சிலருக்குக் களைப்பும் தலைசுற்றலும் வரும்.

அதற்காக வயிறு நிறையச் சாப்பிட்டும் ஓடக் கூடாது. ஓடும்போது இரத்தம் கால் தசைகளுக்கு அதிகம் போகும். வயிற்றுக்குக் குறைவாகப் போகும். சாப்பாடு செரிக்காது. வயிறு பிடிக்கும், வாந்தி வரும்.

எனவே நேரம் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

முழுச் சாப்பாடு என்றால் இரண்டு மூன்று மணி நேரம் முன்பு.
சிறிய உணவு என்றால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. ஒரு வாழைப்பழம், அல்லது அரைத் தம்ளர் கேழ்வரகுக் கஞ்சி, அல்லது ஒரு இட்லி போதும்.
எண்ணெய்ப் பலகாரம், பரோட்டா, கறிக்குழம்பு ஓடும் முன் வேண்டாம். இவை செரிக்க நேரம் ஆகும்.
எழுந்ததும் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஓடிய பின் ஏன் சாப்பிட வேண்டும்?

ஓடும்போது எரிபொருள் செலவாகிறது. தசையில் சிறிய சேதமும் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்யப் புரதம் வேண்டும். செலவான எரிபொருளை நிரப்ப மாவுச் சத்து வேண்டும். வியர்வையில் போன தண்ணீரும் உப்பும் திரும்ப வேண்டும்.

ஓடி முடித்ததும் தண்ணீர் அல்லது உப்புப் போட்ட மோர் குடிக்கலாம். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் நல்ல சாப்பாடு சாப்பிட வேண்டும். களியும் கீரைப் பருப்புக் குழம்பும் நல்லது. இட்லியும் சாம்பாரும் நல்லது. சோறும் மீனும் நல்லது. முட்டை சேர்த்தால் இன்னும் நல்லது. கேழ்வரகில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. ஈரல், இறைச்சி, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அவற்றிலிருந்து இரும்பு எளிதாகச் சேரும்.

எவ்வளவு புரதம்?

ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டு அளவு. 50 கிலோ எடை உள்ளவருக்கு ஏறக்குறைய 42 கிராம். கடினமாகப் பயிற்சி செய்கிறவருக்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். வீட்டு உணவில் எவ்வளவு கிடைக்கிறது?

2 முட்டை: சுமார் 12 கிராம்
வேர்க்கடலை 50 கிராம்: சுமார் 12 கிராம்
கொண்டைக்கடலை 50 கிராம்: சுமார் 9 கிராம்
பால் 1 தம்ளர்: சுமார் 6 கிராம்

மொத்தம் 39 கிராம். இதோடு பருப்பு, களி, சோறு, இட்லி சேர்கிறது. டப்பா இல்லாமலே தேவையான அளவு வந்துவிடுகிறது.

உழைக்கும் மக்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. பீகாரில் வறுத்த கடலையை மாவாக்கித் தண்ணீரில் கரைக்கிறார்கள். உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அந்த மாவின் பெயரே சத்து! ஒடிசாவில் தண்ணீர் ஊற்றிய சோறு சாப்பிடுகிறார்கள். அதற்குப் பகாலா என்று பெயர். நம் பழைய சோறு போலத்தான் அது.

கவனம்!

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே ஓடத் தொடங்க வேண்டும்.
ஓடும்போது நெஞ்சு வலித்தாலும் மயக்கம் வந்தாலும் உடனே நிற்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.
வேகம் கூடும் என்று யாராவது ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் வாங்கக் கூடாது. உயிருக்கே ஆபத்து.
ஆள் தேர்வு விதிகள் மாறலாம். ஒவ்வொரு முறையும் அறிவிப்பை நீங்களே படித்துப் பாருங்கள்.

பயிற்சி

1. சத்தமாகப் படியுங்கள்: இரும்புச் சத்து, மாவுச் சத்து, சுண்ணாம்புச் சத்து, புரதம், இரத்த சோகை, கல்லீரல்.

2. சரியா, தவறா?
அ) வயிறு நிறையச் சாப்பிட்டதும் ஓடலாம்.
ஆ) சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.
இ) ஓடிய பின் மாவுச் சத்தும் புரதமும் வேண்டும்.

3. கணக்கு: டப்பாவின் விலை 2,400 ரூபாய். ஒரு முட்டை 8 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் எத்தனை முட்டை வாங்கலாம்? தினம் 2 முட்டை சாப்பிட்டால் எத்தனை நாளுக்கு வரும்?

4. எழுதுங்கள்: நேற்று நீங்கள் எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள்? உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவர் யார்? அவருக்கு என்ன மிச்சம் இருந்தது?

5. பேசுங்கள்: உங்கள் தெருவில் எத்தனை பெண்கள் இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்கள்? செய்யாதவர்கள் ஒன்றாகச் சேர்ந்து எந்த நாளில் போகலாம்?