விழாமல் நடக்க உதவும் காலணி

காலையில் சந்தை, மாலையில் கோயில், இடையில் பேரப்பிள்ளைகளை அழைத்து வருவது என்று மூத்தவர்களுக்கும் நாள் முழுவதும் நடை உண்டு. அப்போது காலில் இருப்பது, பெரும்பாலும், வாசலில் கிடக்கும் ஜப்பான் சிலிப்பர்தான். மலிவானது, மாட்டுவது எளிது. ஆனால் வயது ஏறிய பிறகு அதுவே நம்மை விழவைக்கலாம்.

2018இல் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் ஒரு முறையாவது விழுந்திருந்தது தெரியவந்தது. முதுமையில் எலும்பு பலம் குறைந்திருக்கும். ஒரு முறை விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம். மீண்டும் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வீட்டுக்குள் முடங்கினால் கால் இன்னும் பலவீனமாகும்.

சிலிப்பரில் என்ன ஆபத்து?

பின்பக்கம் பிடிப்பு இல்லாததால், அது நழுவாமல் இருக்க நாம் அறியாமலே விரல்களை மடக்கிக்கொண்டு காலைத் தேய்த்து நடக்கிறோம். செனாயின் கடைவரிசை ஐந்தடிகளில் கடைக்குக் கடை தரை உயரும், தாழும். தேய்த்து நடக்கும் காலுக்கு விரலளவு மேடும் தடுக்கும். ஆண்டிறுதி மழையில் தரை நனைந்துவிட்டால், அடி தேய்ந்த சிலிப்பர் எளிதில் வழுக்கும்.

நல்ல காலணியின் அடையாளங்கள்

• குதிகாலைச் சுற்றி உறுதியான பின்பகுதி இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் அது மடங்கக்கூடாது. செருப்பு என்றால் பின்வார் வேண்டும்.
• கயிறு அல்லது வெல்குரோ ஒட்டுப்பட்டை இருக்க வேண்டும். கை மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஒட்டுப்பட்டை எளிது.
• குதி உயரம் 2.5 செண்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். குதி அகலமாக இருக்கட்டும்.
• அடிப்பாகத்தில் ஆழமான வரிகள் இருக்க வேண்டும். மிகத் தடித்த, மெத்தென்ற அடி வேண்டாம். தரை காலுக்குச் சரியாகத் தெரியாது.
• விரல் மடங்கும் இடத்தில் மட்டும் காலணி வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடங்கினால் வாங்காதீர்கள்.

வாங்கும்போது

தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களுக்குக் கால் அகலமாக இருக்கும். வயதாகும்போதும் கால் விரியும். எனவே பழைய அளவு எண்ணை நம்ப வேண்டாம்.

1. பிற்பகலில் கடைக்குச் செல்லுங்கள். அப்போது கால் சற்று வீங்கியிருக்கும்.
2. ஒரு தாளின் மேல் நின்று, இரண்டு கால்களையும் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். தாளைக் காலணிக்குள் வையுங்கள். ஓரம் மடங்கினால் அந்தக் காலணி உங்களுக்குச் சிறியது.
3. நின்றபடி பாருங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழ 1 செண்டிமீட்டர் இடம் வேண்டும்.
4. பெரிய காலுக்கு ஏற்ற அளவை வாங்குங்கள். கடைக்குள் நடந்து பாருங்கள். “போகப் போகச் சரியாகிவிடும்” என்று இறுக்கமானதை வாங்காதீர்கள்.

வீட்டிலும் கோயிலிலும்

வீட்டுக்குள் வெளிக்காலணி அணிவது நம் வழக்கமல்ல. ஆனால் விழுவது வீட்டுக்குள்ளும் நடக்கிறது. பின்வாரும் வழுக்காத அடியும் உள்ள ஒரு ஜோடியை வீட்டுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காலுறை மட்டும் அணிந்து டைல்ஸ் தரையில் நடக்காதீர்கள்.

வாசலில் ஒற்றைக் காலில் நின்று காலணி மாட்ட வேண்டாம். அங்கே ஒரு நாற்காலி போடுங்கள். கோயிலில் கால் கழுவிய பின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, கைப்பிடி அல்லது துணையோடு நடங்கள். சேலையும் கைலியும் தரையைத் தொடாமல் இருக்கட்டும்.

இனிப்புநீர் உள்ளவர்கள் கவனிக்க

இனிப்புநீர் நோய் கால் நரம்புகளைப் பாதிக்கலாம். கல் குத்தினாலும், வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை சுட்டாலும் வலி தெரியாது. கவனிக்காத சிறு புண் விரலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

• வெளியில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். காலணி கழற்ற வேண்டிய இடத்துக்கு, தரை குளிர்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ செல்லுங்கள்.
• அணியும் முன் காலணியைத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள். கல், ஆணி, பூரான் எதுவும் இருக்கலாம்.
• தினமும் இரவில் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டாரிடம் கேளுங்கள்.
• புண், கொப்புளம், நிறமாற்றம் இருந்தால் உடனே அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குச் செல்லுங்கள். புண் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை கால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எப்போது மாற்றுவது?

அடி வரிகள் மறைந்தாலோ, ஒரு பக்கம் தேய்ந்தாலோ, வார் தளர்ந்தாலோ மாற்றுங்கள். திருமணத்துக்கென்று அலமாரியில் பல ஆண்டுகள் வைத்த சப்பாத்தையும் அணியும் முன் வளைத்துப் பாருங்கள். நம் ஈரக்காற்றில் சில வகை அடிகள் உள்ளுக்குள்ளே பொடிந்து, நடக்கும்போது பெயர்ந்துவிடும்.

கடந்த ஓராண்டில் நீங்கள் விழுந்திருந்தால், அடிபடாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தலைசுற்றலோ, மருந்தோ, பார்வைக் குறைவோ காரணமாக இருக்கலாம். விழுந்தவர் எழ முடியாமல் இருந்தால் இழுத்துத் தூக்காதீர்கள். 999 எண்ணை அழையுங்கள்.

இன்றே உங்கள் வாசலில் உள்ள காலணிகளைத் திருப்பி, அடியைப் பாருங்கள். தேய்ந்திருந்தால், அதை இனி அணியாதீர்கள்.