நின்றால் நடுங்கும் கார்

தாம்பரத்தை அடுத்த ஜி.எஸ்.டி. சாலையில் சிக்னலுக்காக ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்கிறது. 1960களில் அதே சாலையோரம், வண்டலூர்ப் பகுதித் தொழிற்சாலையில் உருவான இனம் அது. என்ஜின் குலுங்கி அணைந்துவிடுகிறது. மீண்டும் கிளப்பி வேகமெடுத்தாலோ ஒரு குறையும் தெரிவதில்லை. நிற்கும்போது மட்டும் தடுமாறுவானேன்?

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இவ்விரண்டையும் கலப்பது கார்புரேட்டர். அதன் காற்றுக்குழாயின் நடுவே வென்சுரி என்னும் குறுகிய இடுப்பு உண்டு. அங்கே காற்று விரைகிறது. ஆகவே அழுத்தம் குறைகிறது. 1738-இல் வெளியான நூலில் பெர்னூலி விளக்கிய தத்துவம் இதற்கு அடிப்படை. அழுத்தம் குறைந்த அவ்விடத்தில் பிரதான ஜெட்டிலிருந்து பெட்ரோல் பீறிடுகிறது.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. இடுப்பில் காற்று மந்தமாகிறது; பிரதான ஜெட் ஓய்கிறது. ஆனால் பிஸ்டன்கள் உறிஞ்சுவதால், தகட்டுக்கு அப்பால் அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. அங்கே திறக்கும் சிறு துளைதான் அப்போது பெட்ரோல் தருகிறது.

எனவே முதலில் சந்தேகிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அத்துளைக்குப் பெட்ரோல் தரும் ஐட்லிங் ஜெட்டில் அடைப்பு. அப்போது கலவைத் திருகைத் திருப்பினாலும் ஓட்டம் அவ்வளவாக மாறாது. மற்றொன்று, கார்புரேட்டரின் அடியிலுள்ள கேஸ்கட் முதுமையால் வெடித்து வெளிக்காற்றை விடுவது. 'உஸ்' என்ற ஓசை கேட்கக்கூடும். ஐட்லிங்கில் என்ஜின் உட்கொள்ளும் காற்றே கொஞ்சம். அதில் இத்திருட்டுக் காற்று பெரும்பங்கு. கலவை நீர்த்துவிடுகிறது. திராட்டில் திறந்ததும் அது சிறுபங்காகிவிடுகிறது.

எல்லா வேகத்திலும் தடுமாறினால் ஸ்பார்க் பிளக் முதலியவற்றையும் பார்க்க வேண்டும். கரி படிந்த பிளக் பெட்ரோல் மிகுதியையும், வெளுத்த பிளக் காற்று மிகுதியையும் காட்டும். ஆராயாமல் கார்புரேட்டரையே மாற்றினால் பணம்தான் வீண்.

ஓர் எச்சரிக்கை. கசிவைக் காண ஓடும் என்ஜின்மீது பெட்ரோல் தெளிப்பது தீயை வரவழைப்பதாகும். மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிடவும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆனால் உயிரைக் குடிக்கும்.

இனி ஒரு கேள்வி. தாம்பரத்தில் சீராக ஓடிய இதே காரைச் சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்துக்கு ஓட்டிச் சென்றால், கலவையில் மிகுவது பெட்ரோலா, காற்றா? காற்றின் அடர்த்தியை எண்ணிப் பாருங்கள், விடை கிடைக்கும்.