பக்கத்து மெஷின்காரர் டாக்டரும் இல்லை, உளவாளியும் இல்லை

வாஷியிலிருந்து தாணே போகும் ரயிலில் ஏறினால் துர்பே, கோபர்கைர்ணே, கன்சோலி, ரபாளே, ஐரோலி என்று நிலையங்கள் வரும். ஜன்னலுக்கு வெளியே எம்.ஐ.டி.சி., அதாவது கெமிக்கல், மருந்து, இன்ஜினியரிங், பிளாஸ்டிக் என்று அறுபதுகளிலிருந்து வளர்ந்த தொழிற்பேட்டை. நடுநடுவே ஐ.டி. பார்க்குகள் முளைத்துவிட்டன. ஆனாலும் மூன்று ஷிஃப்ட் ஓடும் கேட்டுகள் இன்னும் இருக்கின்றன. அந்த கேட்டுகளுக்குள் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வாஷியிலிருந்தும் போகிற நம் தமிழ் ஆட்களும் இருக்கிறார்கள்.

பெரிய கம்பெனிகளில் இப்போது ‘பியர் வாலண்டியர்’ என்ற பேச்சு அடிபடுகிறது. லைனில் வேலை பார்ப்பவர்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, மனசு சரியில்லாத சக தொழிலாளியிடம் முதலில் பேசுகிறவராக வைப்பது. யூனிலீவர் போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் இவர்களுக்கு ‘சாம்பியன்’ என்று பட்டமே கொடுத்திருக்கின்றன. பட்டம் கிடக்கட்டும். இதைப் பற்றிக் கேன்டீனில் உலவும் நம்பிக்கைகளைப் பார்ப்போம். பெரும்பாலானவை தப்பு. ஒன்று மட்டும் பாதி மெய்.

“மனக்கஷ்டமெல்லாம் ஏ.சி. ரூம்காரனுக்கு. நமக்கு ஏது நேரம்?”

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 கணக்குப்படி இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர். அவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள், அதாவது நாலில் ஒருவர். ஆண்கள் கிட்டத்தட்ட 1.19 லட்சம். மாநிலங்களில் முதலிடம் மகாராஷ்டிரம், இரண்டாமிடம் தமிழ்நாடு. மும்பைத் தமிழனுக்கு இரண்டுமே சொந்த ஊர்தான்.

ஷாப் ஃப்ளோரில் யாரும் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூக்கம் வரலை, நெஞ்சு படபடங்குது, தலை பாரமா இருக்கு என்பார்கள். அல்லது ஒன்றுமே சொல்லமாட்டார்கள். ரிஜெக்ட் கூடும், டப்பாவைத் தனியாகத் திறந்து பாதி சாப்பாட்டோடு மூடுவார்கள். இது சூப்பர்வைசர் கண்ணில் படுவதற்கு வாரக்கணக்கில் முன்பே பக்கத்து மெஷின்காரர் கண்ணில் பட்டுவிடும்.

“டாக்டர் செய்யவேண்டியதை ஃபிட்டர் செய்தால் விபரீதம்தான்”

கோவாவில் 1996இல் தொடங்கிய ‘சங்கத்’ என்ற அமைப்பு, மனநல மருத்துவர் விக்ரம் படேலின் வழிகாட்டலில் இந்த நம்பிக்கையை முறைப்படி சோதித்துப் பார்த்தது. மனநலத் துறையில் எந்த முன்பயிற்சியும் இல்லாத உள்ளூர் ஆட்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்காரவைத்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேர் சோதனையில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை; மீதிப் பேருக்கு அதோடு இந்த ஆலோசகர்களுடன் ஆறிலிருந்து எட்டு அமர்வுகள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள்; மற்றவர்களில் 39 சதவீதம் பேர்தான். 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு இது.

அந்த முடிவைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது அதற்குப் பின்னால் இருந்த ஏற்பாடு. ஆலோசகர்கள் தங்கள் அமர்வுகளைப் பதிவு செய்து, ஒருவர் பதிவை மற்றவர் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். ஒருநாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ என்று கைகழுவிவிடவில்லை.

ஃபேக்டரித் தன்னார்வலரிடம் இந்த அளவுகூட எதிர்பார்ப்பதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பாக இருக்கவேண்டும் என்று எழுதிவைத்தது. அந்த ஒருவரும் பெரும்பாலும் லைனில் வேலை பார்க்கிற ஆள்தான். அவரைத் தையல் போடச் சொல்லவில்லை. ரத்தத்தை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னது. 2000இல் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் ஆண்டனி ஜோர்மும் தொடங்கிய ‘மனநல முதலுதவி’ப் பயிற்சி இதே கணக்கை மனசுக்குப் போட்டதுதான். கவனி, கேள், கூட்டிக்கொண்டு போ. விபரீதம் வருவது தன்னார்வலர் இந்த எல்லையைத் தாண்டி, “நான் படாத கஷ்டமா?” என்று தன் கதையைத் தொடங்கும்போதுதான்.

“செத்துப்போகிற எண்ணம் இருக்கா என்று கேட்டால், அதுவே யோசனை கொடுத்தமாதிரி ஆகிவிடும்”

உயிரைக் குடிக்கிற நம்பிக்கை இது. இதைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2014இல் வெளியான கட்டுரை, கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்கிறது. கேட்டபின் மனப்பாரம் குறையவும் வாய்ப்பு உண்டு.

இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருவர், “நான் இருந்து இனி என்ன ஆகப்போவுது” என்கிறார் என்று வையுங்கள். வழக்கமான பதில், “விடுங்க அண்ணாச்சி, ஒரு டீ அடிச்சா எல்லாம் சரியாயிரும்.” கதவு சாத்தியாயிற்று. பயிற்சி பெற்றவர் கொஞ்சம் ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய் நேராகக் கேட்பார்: “அண்ணாச்சி, செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதா?” வருகிறது என்றால் அடுத்த கேள்வி, “எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?” அதற்கும் ஆமாம் என்றால் அன்றைக்கு அவரைத் தனியே விடக்கூடாது. வீட்டு ஆளை வரவழைக்கவேண்டும், மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவை 14416 என்ற எண்ணில் 2022 அக்டோபரிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்று பிழைத்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ளவேண்டும், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை அவரைத் தண்டிக்கக்கூடாது என்கிறது.

படிக்காத ஆள் இதைக் கேட்கலாமா என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்குத் தொலைபேசி உதவி தொடங்கினார். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தன்னார்வலர்கள் வந்தார்கள். அவர்களிடம் பேசியே பலர் மனசு லேசாகி, பாதிரியாரைப் பார்க்காமலே எழுந்து போனார்கள். அடுத்த ஆண்டே அவர் வேலையைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். ‘சமாரிட்டன்ஸ்’ உருவானது இப்படித்தான். சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சிநேகா’வும் தன்னார்வலர்களை நம்பி ஓடுகிற அமைப்புதான்.

“குடிக்கிறவனை நாலு பேர் முன்னால் கேட்டால்தான் திருந்துவான்”

நாலு பேர் முன்னால் கேட்டால் மறுநாள் லீவு போடுவான், அவ்வளவுதான். சங்கத் அமைப்பு அபாயகரமாகக் குடிக்கும் 377 ஆண்களை வைத்து இன்னொரு சோதனையும் செய்தது. சாதாரண ஆலோசகர்கள் திட்டாமல், உபதேசம் பண்ணாமல், அவர்கள் குடிக்கும் கணக்கை அவர்களையே போடவைத்துப் பேசினார்கள். மூன்று மாதத்தில் கட்டுக்குள் வந்தவர்கள் 36 சதவீதம்; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். மாயமந்திரம் இல்லை, ஆனால் நிஜமான வித்தியாசம். கடும் குடிநோய்க்கு இது போதாது. அதற்குச் சிகிச்சை மையம் வேண்டும், சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை மாதிரி.

ஒரே ஒரு விதிவிலக்கு. போதையோடு பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிறவரைப் பார்த்தால் ரகசியமாவது மண்ணாவது. முதலில் மெஷினை நிறுத்து, சூப்பர்வைசரைக் கூப்பிடு.

“அவன்கிட்ட சொன்னால் சாயங்காலமே எச்.ஆர். மேசைக்குப் போயிரும்”

பாதி மெய் என்றேனே, அது இதுதான். தன்னார்வலரை மேனேஜ்மென்ட்டே பொறுக்கி எடுத்து, மாதாமாதம் ‘ரிப்போர்ட்’ கேட்டால் தொழிலாளி சந்தேகப்படுவது நியாயம். அந்தச் சந்தேகத்தைப் போஸ்டர் ஒட்டிப் போக்கமுடியாது.

வேறுவிதமாகச் செய்தவர்களும் உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் மீதே குற்றச்சாட்டு. அதன் பிறகு 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ வந்தது. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் கையெழுத்திட்டன. எச் அண்ட் எம் போன்ற வாங்கும் கம்பெனிகளும் தனி ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டன. அதன்படி 25 தொழிலாளிக்கு ஒருவர் கண்காணிப்பாளர். அவர்களைச் சங்கம் தேர்ந்தெடுக்கும். பாலியல் தொல்லையோ அத்துமீறலோ கண்ணில் பட்டால் சொல்வது அவர்கள் வேலை. அது மனநலத் திட்டம் இல்லைதான். ஆனால் தொழிலாளி வாய் திறப்பதற்கு என்ன வேண்டும் என்பதை எந்த மனநலத் திட்டத்தையும்விட அது நன்றாகப் புரிந்துகொண்டது.

ஆஸ்திரேலியாவில் கட்டடத் தொழிலாளிகளுக்காக 2008இல் தொடங்கிய ‘மேட்ஸ்’ அமைப்பிலும் சங்கமும் முதலாளிகளும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர் ஹெல்மெட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். யாரிடம் போவது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

வாஷிப் பக்கத்து ஃபேக்டரிகளுக்கு இன்னொரு சிக்கல், கான்ட்ராக்ட் தொழிலாளி. தன்னார்வலர் எல்லாரும் பெர்மனென்ட் ஆட்கள், அதுவும் எல்லாரும் ஆண்கள் என்றால், லேபர் கான்ட்ராக்டர் மூலம் வந்த பேக்கிங் பெண் யாரிடம் போவாள்? கான்ட்ராக்ட் ஆட்களிலிருந்தும் பெண்களிலிருந்தும் ஆள் வேண்டும். பெயர் எழுதிய குறிப்பேடு கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்வேன் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடவேண்டும்.

“தன்னார்வலரைப் போட்டாச்சு, இனி எல்லாம் சரியாகும்”

இந்த நம்பிக்கை கேன்டீனில் உலவுவதில்லை, மாடியில் உலவுகிறது. அமெரிக்காவில் சிகாகோ பக்கத்து ஹாதார்ன் தொழிற்சாலையில் 1936இலேயே லைனுக்கு லைன் நடந்து தொழிலாளியின் குறையைக் காதுகொடுத்துக் கேட்கச் சொந்த ஊழியர்களிலிருந்தே ஆலோசகர்களை நியமித்தார்கள். நாற்பதுகளின் கடைசியில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அந்த வேலையில் இருந்தார்கள். கேட்கலாம், ஆனால் எதையும் மாற்றக்கூடாது, மேலிடத்துக்கும் சொல்லக்கூடாது என்பது விதி. புழுங்குகிற இடத்தில் ஜன்னலைத் திறக்காமல், புழுங்குகிறதே என்று புலம்ப மட்டும் ஆள் போட்டது மாதிரி. 1956இல் கடையை மூடிவிட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வேலையிட மனநல வழிகாட்டுதலும் தனிமனிதரைத் தேற்றுவதோடு நிற்கவில்லை. வேலைப்பளு, நேரம், முடிவெடுப்பதில் பங்கு ஆகியவற்றை மாற்றச் சொல்கிறது. வாரக்கணக்கில் நைட் ஷிஃப்ட் போட்டு, ஓ.டி.க்குச் சட்டப்படியான இரட்டைக் கூலியை இழுத்தடித்துவிட்டு, “உன் டென்ஷனை வாலண்டியரிடம் சொல்லு” என்பதை நலத்திட்டம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே லைனிலிருந்து அடிக்கடி ஆட்கள் வந்தால், பெயரில்லாமல் அந்த லைனின் பிரச்சினையை மட்டும் கமிட்டியில் வைக்கத் தன்னார்வலருக்கு வழி வேண்டும். அந்த வேலைக்கான நேரத்தையும் டியூட்டியாகக் கணக்கிட்டுச் சம்பளம் கொடுக்கவேண்டும்.

“மனசுக்கு வைத்தியம் பார்க்க லீவு எடுத்தால் சம்பளமும் போச்சு, வேலையும் போச்சு”

நல்ல தன்னார்வலர் கையில் இருக்கவேண்டிய தகவல் இதுதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறவர் என்றால், இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழோடு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். அதைத் தாண்டி, 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீத வீதத்தில் இரண்டு ஆண்டுவரை நீட்டிக்க வழியிருக்கிறது. காசநோய், புற்றுநோய் இருக்கும் அதே பட்டியலில் மனச்சிதைவும் கடும் மனச்சோர்வில் ஒரு வகையும் இருக்கின்றன. நோய்க்காலப் பணம் வாங்கும்போது வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்று இ.எஸ்.ஐ. சட்டம் தொடக்கத்திலிருந்தே சொல்லி வந்திருக்கிறது. வாஷியிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே வரிசையில் கூடப்போய் நிற்பதும் தன்னார்வலர் வேலைதான்.

நீட்டிப்புக்கு இரண்டு ஆண்டு வேலையும், அதில் 156 நாளுக்கான பங்களிப்பும் கணக்கில் இருக்கவேண்டும். கான்ட்ராக்ட் ஆட்கள் இடறுவது இங்கேதான். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது இ.எஸ்.ஐ. எண் போட்டுவிடுகிறார்கள், பழைய கணக்கு அறுந்துபோகிறது. விதிப்படி ஒருவருக்கு ஆயுளுக்கும் ஒரே எண்தான். அடுத்த கான்ட்ராக்டரிடம் சேரும் நாளன்றே பழைய எண்ணைக் காட்டி அதையே பதியச் சொல்லவேண்டும். இரண்டு எண் ஏற்கெனவே விழுந்துவிட்டால், உடம்போ மனசோ படுக்கையில் விழுவதற்கு முன்பே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து இணைத்துக்கொள்ளவேண்டும்.